பிறவியா, வளர்ப்பா? இந்தக் கேள்விக்கே வாழ்க்கையைக் கொடுத்த டாக்டர் ஹிர்ஷ்ஃபெல்ட்

ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்று தெரியவந்ததும் நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் முதலில் எழும் கேள்வி எதுவென்று உங்களுக்குத் தெரியும். இது பிறவியிலேயே இருந்ததா, இல்லை ஹாஸ்டல், சினிமா, சகவாசம் என்று நடுவில் வந்து ஒட்டிக்கொண்டதா?

கேட்பவர் வெறுப்போடுதான் கேட்கிறார் என்று சொல்ல முடியாது. கவலையில் இருக்கும் ஒரு அம்மாவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. பிறவி என்றால் வேறு வழியில்லை, ஏற்றுக்கொள்ளலாம். பழக்கம் என்றால் மாற்றிவிடலாம்.

இதே கணக்கை சுமார் 130 வருடங்களுக்கு முன்பு ஜெர்மனியில் ஒரு டாக்டர் போட்டார். பிறவி என்று அறிவியல் நிரூபித்துவிட்டால் சட்டம் மாறும், மக்களும் மாறுவார்கள் என்று நம்பினார். அவர் பெயர் மேக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். அந்த நம்பிக்கை எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது என்று தெரிந்துகொண்டால், இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கும் விதமே மாறக்கூடும்.

யார் இந்த ஹிர்ஷ்ஃபெல்ட்?

1868 மே 14 அன்று பால்டிக் கடலோரத்தில் இருந்த கோல்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது. யூதக் குடும்பம். அப்பா ஊரறிந்த மருத்துவர். மகன் முதலில் மொழியியல் படிக்கப் போனார், பிறகு மருத்துவத்துக்கு மாறி 1892-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அவர் பிறந்த அதே 1868 மே மாதத்தில் இன்னொரு விஷயமும் நடந்தது. கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற ஹங்கேரி எழுத்தாளர், ஒரு கடிதத்தில் ஹோமோசெக்சுவல் என்ற சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்தினார். கடிதம் போனது கார்ல் ஹைன்ரிச் உல்ரிக்ஸ் என்ற ஜெர்மன் வழக்கறிஞருக்கு. உல்ரிக்ஸ், இந்த ஈர்ப்பு பிறவியிலேயே வருவது, ஆணின் உடலுக்குள் பெண்ணின் ஆன்மா இருப்பது போன்றது என்று வாதாடியவர். பிறவிக் குணத்தைத் தண்டிப்பது அநியாயம் என்பது அவருடைய கட்சி.

கெர்ட்பெனிக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. பிறவி என்பது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி என்று அவர் பார்த்தார். பிறருக்குக் கெடுதல் செய்யாத அந்தரங்க வாழ்க்கையில் அரசுக்கு வேலையே இல்லை. அது போதுமே, பிறவியா இல்லையா என்ற ஆராய்ச்சி எதற்கு என்பது அவர் நிலை.

இந்த இரண்டு வழிகளில் ஹிர்ஷ்ஃபெல்ட் தேர்ந்தெடுத்தது உல்ரிக்ஸின் வழியை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஒரு கடிதம்

1871-ல் ஜெர்மனி ஒரே பேரரசானபோது கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தில் 175-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆணும் ஆணும் உறவுகொள்வதை அது குற்றமாக்கியது. நம் ஊரில் பிரிட்டிஷ்காரர்கள் 1860-ல் கொண்டுவந்த 377-வது பிரிவின் உறவுக்கார சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டனையைவிட அந்தச் சட்டம் உருவாக்கிய பயம் பெரியது. பணம் கேட்டு மிரட்டுகிற கும்பல்களுக்கு அது நல்ல தொழிலாகிப்போனது.

ஹிர்ஷ்ஃபெல்ட் டாக்டராகப் பணியாற்றத் தொடங்கியிருந்த காலத்தில், அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு இளம் ராணுவ அதிகாரி தன் கல்யாணத்துக்கு முந்தைய இரவில் உயிரை மாய்த்துக்கொண்டார். டாக்டருக்கு ஒரு கடிதத்தை விட்டுப் போயிருந்தார். தன் ஈர்ப்பு ஆண்கள் மீது என்பதையும், அதைப் பெற்றோரிடம் சொல்ல முடியவில்லை என்பதையும், இந்தக் கதையை உலகத்துக்குச் சொல்லும்படியும் அதில் எழுதியிருந்தார்.

1895-ல் லண்டனில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் இதே காரணத்துக்காகச் சிறைக்குப் போனார். அடுத்த வருடம், 1896-ல், ஹிர்ஷ்ஃபெல்ட் இந்த விஷயம் பற்றித் தன் முதல் சிறு நூலை வெளியிட்டார். சொந்தப் பெயரில் அல்ல, புனைபெயரில். இந்த ஈர்ப்பு கருவிலேயே உருவாவது, குற்றமும் அல்ல, பாவமும் அல்ல என்பது அதன் சாரம்.

அவரும் தன்பாலீர்ப்பாளர்தான். அதை அவர் பொதுவெளியில் அறிவித்ததில்லை. விஞ்ஞானியாகப் பேசினால்தான் எடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அறிவியல் வழியாக நீதி

1897 மே 15. பெர்லினுக்குப் பக்கத்தில் சார்லாட்டன்பர்க்கில் இருந்த அவர் வீட்டில் நான்கு பேர் கூடினார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட், ஒரு பதிப்பாளர், ஒரு ரயில்வே அதிகாரி, ஒரு எழுத்தாளர். அன்று தொடங்கிய அறிவியல் மனிதநேயக் குழுதான் உலகில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக உருவான முதல் அமைப்பு. அறிவியல் வழியாக நீதி என்பதுதான் அதன் கொள்கை வாசகம்.

முதல் வேலையாக 175-வது பிரிவை நீக்கக் கோரி நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு தயாரித்தார்கள். 1898-ல் சோஷியல் டெமாக்ரட் தலைவர் ஆகஸ்ட் பெபல் அவையிலேயே எழுந்து அதை ஆதரித்துப் பேசினார். அந்த முறை மனு தோற்றது. ஆனாலும் கையெழுத்து சேர்ந்துகொண்டே போனது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், தாமஸ் மான், ஹெர்மன் ஹெஸ்ஸே என்று பெரிய பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன.

நம்ப வைக்க வேண்டும் என்றால் ஆதாரம் வேண்டும் இல்லையா? அதனால் ஹிர்ஷ்ஃபெல்ட் எண்ணத் தொடங்கினார். 1903-04 வாக்கில் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கும் உலோகத் தொழிலாளர்களுக்கும் தபாலில் கேள்வித்தாள் அனுப்பி, உங்கள் ஈர்ப்பு யார் மீது என்று கேட்டார். இந்த விஷயத்தில் உலகின் முதல் சர்வேக்களில் அது ஒன்று. சுமார் 2 சதவீதம் பேர் தன்பாலீர்ப்பாளர்கள் என்று அவர் கணக்கிட்டார். சில மாணவர்கள் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். கோர்ட் அவருக்கு அபராதம் விதித்தது.

அவருடைய இன்னொரு யோசனை இன்றைக்கும் புதுசாகத் தெரியும். முழு ஆண், முழுப் பெண் என்பது கற்பனை. எல்லா மனிதர்களும் இடையில் எங்கோதான் இருக்கிறார்கள் என்றார். உடல், மனம், ஈர்ப்பு, பழக்கவழக்கம் ஆகியவற்றில் 16 அம்சங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஆண், பெண், கலப்பு என மூன்று விதமாக இருக்கலாம் என்று பெருக்கிப் பார்த்தார். 4 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வகைகள் வந்தன. மனிதர்களை இரண்டே பெட்டிகளில் அடைக்க முடியாது என்று காட்டுவதற்குத்தான் அவர் இந்தக் கணக்கைப் போட்டார்.

நிபுணர் சாட்சி செய்த சேதம்

1907-ல் ஜெர்மனியையே உலுக்கிய ஒரு அவதூறு வழக்கு வந்தது. பேரரசருக்கு நெருக்கமான ராணுவத் தளபதி குனோ வான் மோல்ட்கே தன்பாலீர்ப்பாளர் என்று மாக்சிமிலியன் ஹார்டன் என்ற பத்திரிகையாளர் எழுதினார். தளபதி வழக்குப் போட்டார். ஹிர்ஷ்ஃபெல்ட் நிபுணர் சாட்சியாகக் கூண்டில் ஏறினார். மோல்ட்கேயை நேரில் பார்த்ததையும், முன்னாள் மனைவி சொன்னதையும் வைத்து, ஆமாம், இவருடைய இயல்பு அப்படித்தான் என்று சொன்னார்.

இது பிறவி இயல்பு, குற்றமல்ல என்று ஊருக்குச் சொல்ல ஒரு மேடை கிடைத்ததாக அவர் நினைத்திருக்கலாம். நடந்தது தலைகீழ். மறு விசாரணையில் அவர் தன் கருத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பத்திரிகைகள் கிழித்தன. இயக்கத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் விலகினார்கள். ஒருவருடைய அந்தரங்கத்தை அவர் சம்மதமில்லாமல் அறிவியலின் பெயரால் வெளியே சொன்னால் என்னாகும் என்பதற்கு அது முதல் பாடம்.

பெர்லினில் ஒரு வீடு

முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனி குடியரசானதும் காற்று கொஞ்சம் மாறியது. 1919-ல் பெர்லினில் ஹிர்ஷ்ஃபெல்ட் பாலியல் அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே வருடம் தன்பாலீர்ப்பாளர் ஒருவரின் துயரத்தைச் சொல்லும் திரைப்படம் ஒன்றின் உருவாக்கத்தில் பங்கெடுத்து, அதில் டாக்டராகவே தோன்றவும் செய்தார்.

அந்த நிறுவனம் ஒரே கூரையின் கீழ் ஆஸ்பத்திரி, நூலகம், அருங்காட்சியகம், ஆலோசனை மையம் எல்லாமாக இருந்தது. கல்யாணமான தம்பதிகள் கருத்தடை பற்றிக் கேட்க வந்தார்கள். பெயர் போடாமல் சந்தேகங்களை எழுதிப் பெட்டியில் போட்டால், டாக்டர்கள் பொதுக்கூட்டத்தில் பதில் சொன்னார்கள். திருநர்களுக்கு அங்கே வேலையும் தங்க இடமும் கிடைத்தன. பெண் உடையில் வெளியே போனால் போலீஸ் பிடிக்கும் என்ற நிலையில், அவர்களைக் கைதுசெய்ய வேண்டாம் என்று சான்று தரும்படி பெர்லின் போலீஸை அவர் இணங்க வைத்திருந்தார்.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனியுங்கள். தன்னிடம் வந்த தன்பாலீர்ப்பாளர்களை அவர் மாற்ற முயலவில்லை. தங்களைத் தாங்களே ஏற்றுக்கொள்ளவும், தங்களைப் போன்ற மனிதர்களோடு பழகவும், வேலையிலும் நட்பிலும் நிம்மதி தேடவும் உதவினார். ஒருவருடைய ஈர்ப்பைச் சூழல் உண்டாக்குவதில்லை, ஆனால் அந்த ஈர்ப்போடு அவர் வாழ முடியுமா என்பதைச் சூழல்தான் முடிவுசெய்கிறது. அவருடைய சிகிச்சைமுறை நின்றது இந்தப் புரிதலில்தான்.

எதிரிகளும் சும்மா இருக்கவில்லை. 1920-ல் மியூனிக்கில் உரையாற்றிவிட்டு வந்தவரை வலதுசாரிக் கும்பல் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. இறந்துவிட்டார் என்றே பத்திரிகைகள் எழுதின. தன் மரணச் செய்தியைத் தானே படித்தார் ஹிர்ஷ்ஃபெல்ட்.

கத்தியின் மறுபக்கம்

இப்போது கெர்ட்பெனியின் எச்சரிக்கைக்குத் திரும்புவோம்.

ஈர்ப்பு உடலுக்குள்தான் உருவாகிறது என்றால் எங்கே? வியன்னாவில் ஆய்கென் ஷ்டைனாக் என்ற உடலியல் விஞ்ஞானி எலிகளிலும் கினிப் பன்றிகளிலும் விதைப்பை, சினைப்பைகளை மாற்றிப் பொருத்தி, அவற்றின் பாலியல் நடத்தை மாறுவதைக் காட்டினார். அப்படியென்றால் மனிதர்களுக்கும் சுரப்பிதான் காரணம் என்று பலர் முடிவுகட்டினார்கள். இதோ ஆதாரம் என்று ஹிர்ஷ்ஃபெல்டும் முதலில் உற்சாகமாக வரவேற்றார்.

ஆனால் அடுத்த படி என்ன? சுரப்பிதான் காரணம் என்றால் சுரப்பியை மாற்றினால் போச்சு. 1910-களின் பிற்பகுதியிலும் 1920-களிலும் வியன்னாவிலும் பெர்லினிலும் அறுவை மருத்துவர்கள் தன்பாலீர்ப்பாளர்களுக்கு வேறு ஆண்களின் விதைத் திசுவைப் பொருத்தினார்கள். எதுவும் பலிக்கவில்லை. சில வருடங்களில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

பிறவி என்று நிரூபித்தால் விட்டுவிடுவார்கள் என்பது ஹிர்ஷ்ஃபெல்டின் கணக்கு. பிறவி என்றால் அது பிறவிக் குறைபாடு, ஆபரேஷன் செய்து சரிபண்ணலாம் என்பது கேட்டவர்களின் கணக்கு. ஒரே ஆதாரத்திலிருந்து இரண்டு எதிரெதிர் முடிவுகள்.

அவரிடமும் காலத்தின் கறை இருந்தது. மனித இனத்தை மேம்படுத்துவதாகச் சொன்ன இனமேம்பாட்டு சிந்தனையில் அவருக்கும் ஈடுபாடு இருந்தது. 1913-ல் அவர் சேர்ந்து தொடங்கிய மருத்துவச் சங்கத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. பரம்பரைதான் எல்லாம் என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்று அன்று அவர் உட்படப் பலர் யோசிக்கவில்லை.

1929-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று 175-வது பிரிவைக் கைவிடலாம் என்று வாக்களித்தது. முப்பது வருடப் போராட்டத்தின் பலன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அது சட்டமாகவே இல்லை. அதே வருடம் தன் அமைப்புக்குள்ளேயே எழுந்த கருத்து மோதலில் தலைமைப் பொறுப்பையும் அவர் இழந்தார்.

இந்தியா வந்தார்

1930 இறுதியில் ஹிர்ஷ்ஃபெல்ட் உலகப் பயணம் கிளம்பினார். அமெரிக்கா, ஜப்பான், சீனா, இந்தோனேசியா, இலங்கை வழியாக 1931-ல் இந்தியா வந்தார். அலகாபாத்தில் ஜவாஹர்லால் நேருவைச் சந்தித்தார். இந்திய விடுதலைக்கு வெளிப்படையாகவே ஆதரவு தெரிவித்தார். இந்தியர்களின் குடும்ப வாழ்க்கையை இழிவுபடுத்தி அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் மேயோ எழுதிய மதர் இந்தியா நூலைக் கடுமையாக விமர்சித்தார்.

ஷாங்காயில் லி ஷியு டாங் என்ற மருத்துவ மாணவரைச் சந்தித்திருந்தார். அதற்குப் பிறகு அவர் ஹிர்ஷ்ஃபெல்டின் துணையாகவும் சீடராகவும் கூடவே பயணித்தார்.

1932-ல் ஐரோப்பா திரும்பியபோது ஜெர்மனிக்குள் கால்வைக்கும் நிலை இல்லை. யூதர், தன்பாலீர்ப்பாளர், இடதுசாரி ஆதரவாளர். நாஜிகள் வெறுக்கும் மூன்றும் ஒரே ஆளிடம்.

1933 மே

ஹிட்லர் ஆட்சிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் லாரிகளில் வந்து, பேண்டு வாத்தியம் முழங்க, அந்த நிறுவனத்துக்குள் புகுந்தார்கள். நூலகத்தை அள்ளிப் போனார்கள். நான்கு நாள் கழித்து, மே 10 இரவு, பெர்லினின் ஓபரா சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான புத்தகங்களைக் கொளுத்தினார்கள். புத்தக எரிப்பு என்று நீங்கள் பாடப் புத்தகத்தில் பார்த்திருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் எரிவது இந்த நூலகமும்தான். ஹிர்ஷ்ஃபெல்டின் மார்பளவுச் சிலையை ஒரு கம்பில் மாட்டி ஊர்வலமாகத் தூக்கிப் போனார்கள்.

அவர் அப்போது ஜெர்மனிக்கு வெளியே இருந்தார். தன் வாழ்நாள் உழைப்பு எரிவதை சினிமா தியேட்டரில் நியூஸ்ரீலில் பார்த்தார்.

பிறகு பிரான்ஸின் நீஸ் நகரில் குடியேறினார். 1935 மே 14, தன் 67-வது பிறந்தநாளன்று, அங்கேயே காலமானார். அவர் இறந்த அடுத்த மாதமே நாஜிகள் 175-வது பிரிவை இன்னும் கடுமையாக்கினார்கள். அவர்கள் ஆட்சியில் சுமார் 50,000 பேர் அந்தப் பிரிவில் தண்டிக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மார்பில் இளஞ்சிவப்பு முக்கோணத்தோடு வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

பிறவியா, பழக்கமா என்ற கேள்விக்கு நாஜிகள் என்ன பதில் வைத்திருந்தார்கள் தெரியுமா? இரண்டையும்தான். கெட்ட சகவாசத்தால் பரவும் தொற்று என்று சொல்லி இளைஞர்களைக் கைது செய்தார்கள், மனநல சிகிச்சையால் மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், உடலில்தான் கோளாறு என்று சொல்லி ஆண்மை நீக்கம் செய்தார்கள். 1944-ல் புக்கன்வால்ட் முகாமில் கார்ல் வேர்னெட் என்ற டென்மார்க் மருத்துவர் கைதிகளின் உடலில் ஹார்மோன் குப்பிகளைப் புதைத்து சோதனை நடத்தினார். பதில் எதுவாக இருந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. வெறுப்பு முதலில் வந்தது. காரணத்தைப் பிறகு தேடிக்கொண்டார்கள்.

சரி, இன்றைய அறிவியல் என்ன சொல்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், ஹிர்ஷ்ஃபெல்ட் நினைத்ததில் பாதிக்கு மேல் சரி. உயிரியலுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒற்றைக் காரணம் என்று எதுவும் இல்லை.

இரட்டையர் ஆய்வுகள்: 1991-ல் அமெரிக்காவில் பெய்லி, பில்லார்ட் என்ற இருவர் நடத்திய ஆய்வில், ஒருவர் தன்பாலீர்ப்பாளராக இருந்தால் ஒத்த இரட்டைச் சகோதரரும் அப்படி இருந்தது 52 சதவீதம். ஒத்திராத இரட்டையரில் 22 சதவீதம். தத்தெடுத்த சகோதரர்களில் 11 சதவீதம். ஆனால் இதில் பங்கேற்றவர்கள் விளம்பரம் பார்த்து வந்தவர்கள். 2010-ல் ஸ்வீடனில் பொதுப் பதிவேட்டை வைத்து நடந்த பெரிய ஆய்வில் மரபணுவின் பங்கு குறைந்தது. ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், பெண்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

கே ஜீன் உண்டா?: 1993-ல் டீன் ஹேமரின் குழு எக்ஸ் குரோமோசோமின் ஒரு பகுதிக்கும் ஆண்களின் தன்பாலீர்ப்புக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னபோது உலகம் முழுக்க அது தலைப்புச் செய்தி. 2019-ல் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் டிஎன்ஏ-வை அலசிய ஆய்வு அந்தக் கனவைக் கலைத்தது. தன் பாலினத்தாரோடு எப்போதாவது உறவு கொண்டதுண்டா என்பதை வைத்துப் பார்த்ததில், மிகச் சிறிய விளைவு கொண்ட ஏராளமான மரபணு மாறுபாடுகள் தெரிந்தன. எல்லாவற்றையும் சேர்த்தாலும் 8 முதல் 25 சதவீத வேறுபாட்டைத்தான் விளக்க முடிந்தது. ஒருவருடைய டிஎன்ஏ-வைப் பார்த்து அவர் ஈர்ப்பைச் சொல்ல முடியாது என்பது உறுதியானது.

அண்ணன்கள் கணக்கு: இது கொஞ்சம் ஆச்சரியமானது. 1996-ல் பிளான்சார்ட், போகார்ட் என்ற கனடா ஆய்வாளர்கள், ஒரு ஆணுக்கு உடன்பிறந்த அண்ணன் எண்ணிக்கை கூடக் கூட அவர் தன்பாலீர்ப்பாளராக இருக்கும் வாய்ப்பு ஒவ்வொரு அண்ணனுக்கும் சுமார் 33 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். பயப்படாதீர்கள். 2 சதவீதமாக இருக்கும் வாய்ப்பு சுமார் 2.7 சதவீதம் ஆகிறது, அவ்வளவுதான். 2006-ல் போகார்ட் இன்னொன்றைச் சொன்னார். ஒரே அம்மாவுக்குப் பிறந்த அண்ணன், வேறு வீட்டில் வளர்ந்தாலும் இந்த விளைவு உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்த மாற்றாந்தாய் வழி அண்ணனுக்கு இல்லை. அப்போ காரணம் வீட்டில் இல்லை, கருப்பையில்.

சூழல் என்றால் வளர்ப்பு அல்ல

பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். மரபணு மூன்றில் ஒரு பங்கு என்றால் மிச்சம் சூழல், சூழல் என்றால் வளர்ப்பு, ஆக பெற்றோர் எங்கோ தப்புப் பண்ணிவிட்டார்கள் என்று நினைத்துவிடுகிறோம்.

அறிவியலில் சூழல் என்ற சொல்லின் பொருள் வேறு. மரபணு அல்லாத எல்லாமே சூழல்தான். கருப்பையில் இருக்கும் ஹார்மோன், தாயின் நோயெதிர்ப்பு மண்டலம், செல் வளரும்போது நடக்கும் தற்செயல்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். கண்டிப்பான அப்பா, செல்லம் கொடுத்த அம்மா, ஹாஸ்டல் வாழ்க்கை ஆகியவை ஒருவரைத் தன்பாலீர்ப்பாளராக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைத்ததில்லை. அதேபோல, சிகிச்சை கொடுத்து ஈர்ப்பை மாற்ற முடியும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அப்படிப்பட்ட முயற்சிகள் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கூட்டுகின்றன.

கலாசாரம் எதையும் செய்வதில்லை என்று அர்த்தமில்லை. ஒருவர் தன் ஈர்ப்புக்கு என்ன பெயர் வைக்கிறார், வெளியே சொல்கிறாரா, யாரோடு வாழ்கிறார் என்பதையெல்லாம் சமூகம்தான் வடிவமைக்கிறது. சர்வேக்களில் எண்ணிக்கை கூடுவதற்கு, சொல்லத் துணிந்தவர்கள் கூடியதும் ஒரு காரணம்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

ஹிர்ஷ்ஃபெல்டின் நாட்டில் 175-வது பிரிவு முழுமையாக நீங்கியது 1994-ல். போருக்குப் பின்னும் மேற்கு ஜெர்மனி நாஜிகள் கடுமையாக்கிய வடிவத்தையே 1969 வரை வைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-ல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. இதில் எதுவும் மரபணு கண்டுபிடிக்கப்பட்டதால் நடக்கவில்லை.

இந்தியாவிலும் அப்படித்தான். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய அளவில் 377-வது பிரிவை ஒருமனதாக ரத்து செய்தார்கள். ஈர்ப்பு இயல்பானது என்பதை அந்தத் தீர்ப்பு பேசுகிறது. ஆனால் அது நிற்பது சமத்துவம், அந்தரங்கம், கண்ணியம் ஆகிய அரசியலமைப்பு உரிமைகளின் மேல். கெர்ட்பெனி 1860-களில் சொன்ன வழி இதுதான்.

வீட்டாரின் எதிர்ப்புக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதும் முன் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தானே ஒரு உளவியலாளரிடம் கலந்தாலோசனைக்குப் போனார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அதாவது, உங்கள் நண்பரை மாற்றித் தருகிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால், நீங்கள் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

எல்லாம் முடிந்துவிடவில்லை. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவது, வாடகைக்கு வீடு எடுப்பது, கம்பெனி இன்சூரன்ஸில் துணையின் பெயரைச் சேர்ப்பது என்று அன்றாட விஷயங்களில் இன்னும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஹிர்ஷ்ஃபெல்ட் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். விஞ்ஞானிகள் அதைத் தொடர்ந்து ஆராயட்டும். நாளைக்கே முழுப் பதில் கிடைத்தாலும் அது ஒருவருடைய உரிமையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நமக்குப் பிறவியிலேயே மதம் வருவதில்லை. ஆனாலும் மத உரிமை நம் அரசியலமைப்பில் இருக்கிறது.

அடுத்த முறை உங்களிடம் யாராவது நம்பி வந்து, நான் இப்படி என்று சொன்னால், காரணம் தேடிக் கேள்வி கேட்க வேண்டாம். அந்த இளம் ராணுவ அதிகாரிக்குக் காரணம் தேவைப்படவில்லை. வீட்டில் சொன்னால் உடைந்துபோகாமல் கேட்க ஒரு ஆள் தேவைப்பட்டது. வீட்டில் தெரியுமா, தங்க இடம் இருக்கிறதா, நான் என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். அந்தச் சூழலை உருவாக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.)